பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கான கேள்வித்தாள்: கொஞ்சம் கைகொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகள் பத்திரிகை சுதந்திரத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஒரு கேள்வித்தாள் தயாராகிறது.

“பத்திரிகை சுதந்திரம் வேண்டுமா?” என்றால் எல்லோரும் ‘ஆம்’ என்றே டிக் அடிப்பார்கள். “ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் நுரை பொங்கும் படத்தைப் போடாதே என்று அதிகாரி சொன்னால் பத்திரிகை என்ன செய்யலாம்?” என்று கேட்டால்தான் மனசு தெரியும். இப்படி உள்ளூர்க் கேள்விகள் இன்னும் நாலைந்து வேண்டும்; அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைக்காரர்கள் அனுப்புங்கள். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான். இரண்டைச் சேர்த்தால் ‘ஆம்’ எதற்கு என்றே தெரியாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு, கன்னடம். பேச்சு நடையில் மாற்றித் தர மொழிக்கு ஒருவர் தேவை.

தாளில் பெயர், வரிசை எண் கூடாது. டீச்சர் கையில் வாங்கினால் பாதிப்பேர் ‘கருத்து இல்லை’க்கு ஓடிவிடுவார்கள்; துளை போட்ட அட்டைப்பெட்டி போதும். பெற்றோர் கையெழுத்து முதலிலேயே வாங்க வேண்டும்.

“ஓட்டே இல்லாத பசங்க கருத்து எதுக்கு?” என்பார்கள். அரசியலமைப்பின் 19(1)(அ) குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுரிமை தருகிறது, வயது வரம்பில்லை. (பத்திரிகை என்ற சொல்லே அதில் கிடையாது; ஆனாலும் பேச்சுரிமையில் பத்திரிகையும் அடக்கம். 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில், சென்னை அரசு ஒரு வார இதழுக்குப் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் ரத்து செய்தது.)

மொழிபெயர்க்க முடிந்தவர்கள் எந்த மொழி என்று கீழே போடுங்கள்.