புதுப்பிப்பு: டேப்லெட்டில் பேசும் மகன், நான்கு மாதங்களுக்குப் பிறகு

ஆறு வயதாகியும் பேசாத, ஆட்டிசம் உள்ள என் மகனுக்குப் படம் தொட்டால் பேசும் செயலியைக் கொடுக்கலாமா, கொடுத்தால் வாய்ப்பேச்சு நின்றுவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொடுத்துவிட்டோம். சென்னையில் உருவான 'ஆவாஸ்' (Avaz) என்ற செயலிதான். தமிழிலும் பேசுகிறது, பாட்டிக்கும் புரிகிறது.

முதல் மாதம் வீண். தவறு எங்களுடையது. "இது என்ன? தொட்டுக் காட்டு" என்று பரீட்சை வைத்துக்கொண்டிருந்தோம், அவன் டேப்லெட்டைக் கண்டாலே ஓடினான். பேச்சுப் பயிற்சியாளர் எங்களைத்தான் திருத்தினார்: அவனைக் கேட்காதீர்கள், நீங்கள் பேசும்போதே படங்களைத் தொட்டுப் பேசுங்கள். தோசை ஊற்றும்போது 'இன்னும்', குளித்து முடித்ததும் 'போதும்'. ஆப்பிள், யானை போன்ற பெயர்ச்சொற்களைவிட 'வேண்டாம்', 'உதவி', 'போ' போன்றவையே நாள் முழுக்கப் பயன்படுகின்றன. படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றவும் கூடாது. விரல் இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது.

அதே டேப்லெட்டில் கார்ட்டூன் பார்க்க விட்டது இன்னொரு தவறு. இப்போது அதில் வேறெதுவும் இல்லை.

பேச்சு நின்றுவிடும் என்ற பயத்துக்குப் பதில்: 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், பேச்சுக்கு இப்படி மாற்றுவழி கொடுக்கப்பட்டவர்களில், நம்பகமான தரவு இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சற்றே கூடியிருந்தது. என் மகன் இப்போது பொத்தானை அழுத்திவிட்டு "போ" என்று கூடவே சொல்கிறான்.

பெரும்பாலும் என்னிடம்தான், நான் தலை வாரிவிடப் போகும்போது.