திருச்சி – யாழ்ப்பாணம்: 185 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

நாகூரான்:
திருச்சியிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர்தான். அந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும். அப்படியானால் 22 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம் என்று இருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான், அதனால் நேர வித்தியாசம் என்றும் சொல்ல முடியாது. இது போதாதென்று, வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். நாகையில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறை. இவ்வளவு குறைந்த தூரத்துக்கு விமானம் வீண்.

இறக்கை:
22 நிமிடக் கணக்கு தப்பு நண்பரே. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்துமிடத்தில் சக்கரக் கட்டையை எடுப்பதிலிருந்து, அங்கே போய் மறுபடி கட்டை வைப்பது வரை உள்ள மொத்த நேரம். ஓடுதளம் வரை உருள வேண்டும், மேலே ஏற வேண்டும், அதிராம்பட்டினம் பக்கம் கடலைத் தொட்டு முழு வேகம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். 500 கிலோமீட்டர் வேகம் நடுவில் சில நிமிடங்களுக்குத்தான்.

சென்னையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை – பலாலி சுமார் 355 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஒன்றேகால் மணி நேரத்தில் போகிறது. கூடுதலான 170 கிலோமீட்டருக்குக் கால் மணி, இருபது நிமிடம்தான் அதிகம். ஏறுவது, இறங்குவது, உருளுவது எல்லாம் எந்தத் தூரத்துக்கும் உண்டு. தூரம் குறையக் குறைய அந்தச் செலவு பெரிதாகத் தெரியும்.

நாகூரான்:
சரி, விளக்கம் புரிகிறது. ஆனால் நீங்களும் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். தூரம் குறைந்தால் விமானத்துக்கு லாபம் இல்லை என்றுதானே ஆகிறது? எங்கள் ஊரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கே பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

வலிகாமத்தாள்:
அண்ணை, நீங்கள் நாகையிலிருந்து கணக்குப் போடுகிறீர்கள். எங்கள் பக்கமிருந்து பாருங்கோ. 2025 மார்ச் 30-இல் இந்தத் திருச்சி விமானச் சேவை தொடங்கும் முன், திருச்சியில் கண் வைத்தியத்துக்கு அம்மாவைக் கூட்டி வர நான் என்ன பட்டேன் தெரியுமா? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீட்டர், இரவு முழுக்க பஸ். பிறகு கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவில் விமானம். வடக்கே இருக்கிற திருச்சிக்குப் போகத் தெற்கே போனோம். அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இப்போது வீட்டிலிருந்து பலாலி அரை மணித்தியாலம். டிக்கெட்டில் ஒரு மணித்தியாலமோ, ஒன்றரையோ, எனக்கு அது பெரிசில்லை.

இறக்கை:
இன்னொன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் கப்பலை நிறுத்திவிடுகிறார்கள். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய சேவை அந்த மாதமே நின்றது.

நாகூரான்:
அம்மாவின் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை தங்கச்சி, அந்த வயதில் இரவு பஸ் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் அவசரம் என்றால் நானும் திருச்சிக்குப் போகிறேன். கடல் அடங்கிய பிறகு, மூட்டை முடிச்சோடு, எனக்குக் கப்பல்தான்.