ஆயா வீட்டு குரூப்: செவல குட்டி வரப்போகுது

வியாழன்

சித்தி தேவனாம்பட்டினம்: (போட்டோ)
நம்ம நாய் கருப்பியோட குட்டிங்க அஞ்சும் இன்னைக்கு திண்ணைய விட்டு எறங்கி வாசல் வரைக்கும் ஓடுதுங்க. வர ஞாயித்துக்கிழமையோட ஆறு வாரம் முடியுது. காலு மட்டும் வெள்ளையா இருக்கிற செவல குட்டி பாப்பாவுக்குன்னு சொல்லி வச்சிருக்கன், எப்ப வர்றீங்க

வீட்டுக்காரர்: ஞாயிறு எனக்கு லீவுதான் சின்னத்தை, காலைலயே கார் எடுத்துகிட்டு வந்துடறோம்

நான்: இந்த ஞாயிறு வாணாம்ங்க. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும். வீட்ல ஒரு ஏற்பாடும் பண்ணல, இந்த தடவ எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டுத்தான் குட்டிய தூக்கணும்

அண்ணன் நெய்வேலி: ஒரு நாய்க்குட்டிக்கு என்னம்மா ஏற்பாடு, ஒரு கோணி ஒரு கிண்ணம் போதும். நம்ம ஆயா வீட்ல எத்தன நாய் வளந்துச்சு

நான்: ஆயா வீட்ல எத்தன குட்டி செத்துச்சுன்னும் நெனச்சு பாருண்ணா. போன ஐப்பசில லட்டு போனத நான் இன்னும் மறக்கல. ரெண்டு மாசம் ஆச்சுன்னு சொல்லி ஒரு ஆளு குடுத்தாரு, ஊசி போட்டாச்சுன்னாரு, கார்டு கேட்டா அப்புறம் தரேன்னாரு, நாங்களும் ஆசைல தூக்கிகிட்டு வந்துட்டோம், வந்த அன்னைக்கே குளிப்பாட்டி தெருவுல எறக்கி விட்டு எல்லாரும் கொஞ்சினோம், நாலாவது நாள் வாந்தி, அஞ்சாவது நாள் ரத்தமா பேதி, மூணு நாள் ட்ரிப்ஸ் ஏத்தியும் முடியல. டாக்டர் பல்ல பாத்துட்டு இது ரெண்டு மாசம்லாம் இல்லம்மா, அஞ்சு வாரம் இருந்தாலே அதிகம்னு சொன்னாரு. பாப்பா பத்து நாள் சரியா சாப்பிடல

அம்மா: ஆமா. அந்த குட்டி என் மடியிலதான் போச்சு. இனிமே வாணாம்னுதான் சொன்னன். கொழந்த ஆசப்படுது சரின்னுட்டன். ஆனா அவ சொல்றபடி பண்ணுங்க

அண்ணன் நெய்வேலி: சரிம்மா சரி. நான் ஒன்னும் சொல்லல

தங்கச்சி குரும்பாபேட்: அக்கா இப்பதான் வெட்னரி காலேஜ்ல கிளாஸ் முடிச்சு பாக்கறன். எட்டு வாரம் வரைக்கும் தாய்கிட்ட விடறதுதான் சரி. பால் மட்டும் இல்ல, கூடப் பொறந்ததுங்களோட கடிச்சு விளையாடும்போதுதான் எவ்ளோ அழுத்தி கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்கும். சீக்கிரம் பிரிச்சுட்டா அது தெரியாம வளந்து நம்ம கைய கடிக்கும்

தங்கச்சி குரும்பாபேட்: லட்டுக்கு வந்தது பார்வோ. அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல கெடக்கும், ஒரு வருஷம் வரைக்கும்கூட. அதனால உங்க வீட்டுக்கு புது குட்டி வர்றதுக்கு முன்னாடி தரைய கண்டிப்பா பாக்கணும்

நான்: தெனம் பினாயில் போட்டுத்தான் தொடைக்கறன் டி

தங்கச்சி குரும்பாபேட்: பினாயிலுக்கு அது சாகாது, டெட்டாலையும் நம்பாத. பிளீச்தான். மொதல்ல சோப்பு போட்டு தேய்ச்சு அழுக்கு இல்லாம கழுவணும், அழுக்கு இருந்தா பிளீச் வேலை செய்யாது. அப்புறம் ஒரு பங்கு லிக்விட் பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து தரைல ஊத்தி பத்து நிமிஷம் ஈரமாவே இருக்கணும், அதுக்கப்புறம் நல்லா அலசி விட்டுடு. ஜன்னல தொறந்து வச்சிட்டு பண்ணு. பாத்ரூம் ஆசிட், பினாயில் எதையும் அதோட கலந்துடாத, ஆசிட் பட்டா விஷப்புகை வரும்

வீட்டுக்காரர்: பின்னாடி தோட்டத்து மண்ணுக்கு என்ன பண்றது

தங்கச்சி குரும்பாபேட்: மண்ண பிளீச் போட்டு சரி பண்ண முடியாது மாமா. வெயில் படட்டும். ஊசி எல்லாம் முடியற வரைக்கும் குட்டிய தோட்டத்துல எறக்காதீங்க, மொட்ட மாடியில ஒரு மூலைய கழுவி வச்சி அங்க ஒன்னுக்கு விடுங்க. லட்டு படுத்த மெத்தை, பிளாஸ்டிக் தட்டு இருந்தா தூக்கி போட்டுடுங்க

நான்: அது சாப்பிட்ட கிண்ணத்த மட்டும் வச்சிருக்கன். எவர்சில்வர்

தங்கச்சி குரும்பாபேட்: எவர்சில்வர்னா பரவால்லக்கா, பிளீச் தண்ணில ஊற வச்சி அலசிட்டு வச்சிக்க

வெள்ளி

சித்தப்பா: காலைல அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்கு அஞ்சையும் ஒரே கூடைல வச்சி கூட்டிட்டு போனேன். பூச்சி மருந்து குடுத்தாங்க. அடுத்த வாரம் மொத ஊசி போட வரச் சொன்னாங்க. ஒவ்வொன்னுக்கும் தனித்தனி கார்டு போட்டு வாங்கிட்டேன், ஊசி போட்டா மருந்து பாட்டில்ல இருக்கிற ஸ்டிக்கர கார்டுல ஒட்டி தருவாங்களாம்

நான்: சித்தப்பா உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல

சித்தப்பா: நம்ம வீட்டு குட்டிம்மா

அண்ணி நெய்வேலி: ஒரு ஊசி போட்டா போதாதா, ஏன் ஊசி எல்லாம் முடியற வரைக்கும்னு சொல்றீங்க

தங்கச்சி குரும்பாபேட்: மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ, பதினாறு வாரம் ஆகற வரைக்கும் போடணும் அண்ணி. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி ரத்தத்துல இருக்கிற வரைக்கும் அதுவே ஊசி மருந்த வேலை செய்ய விடாது. அது எப்ப கொறையும்னு ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு மாதிரி. அதான் விட்டு விட்டு போடறது. வெறிநாய் ஊசி மூணு மாசத்துல, அதுக்கப்புறம் வருஷா வருஷம்

அண்ணி நெய்வேலி: இது எனக்கு தெரியவே தெரியாது. எங்க தெருவுல எல்லாரும் ஒரு ஊசியோட விட்டுட்றாங்க

தங்கச்சி குரும்பாபேட்: இன்னொன்னும் சொல்லிடறன். வீட்டு குட்டிதானேன்னு விடாம பல்லோ நகமோ பட்டு கீறினா உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு ஜிஎச்சுக்கு போய் காட்டுங்க, அங்க ஊசி இலவசம். பாப்பாகிட்டயும் சொல்லி வை, கீறினத மறைக்கக் கூடாதுன்னு. அம்மா திட்டும்னு பயந்து பசங்க சொல்லாமலே விட்டுடும்

நான்: இப்பவே கூப்ட்டு சொல்லிட்டன். திட்ட மாட்டன்னு சத்தியம் வாங்கிகிட்டா

அம்மா: தோட்டத்துல அரளி இருக்கே. அது பால் ஆவாதே

தங்கச்சி குரும்பாபேட்: பெரியம்மா நல்லவேள ஞாபகப்படுத்துனீங்க. அரளி எல, பூ, தண்டு எல்லாமே விஷம், நேரா இதயத்ததான் பாதிக்கும். பல்லு மொளைக்கற குட்டி எத வேணும்னாலும் கடிக்கும்

நான்: அம்மா அது நீ வச்ச செடி, உன் பூஜைக்கு தெனம் அதுலதான் பூ பறிக்கற. கம்பி வலை அடிச்சி மறைச்சுடவா

அம்மா: வலையெல்லாம் வாணாம். வேரோட எடுத்துடு. சாமிக்கு செம்பருத்தி இருக்கு. எடுக்கும்போது கைல ஒற போட்டுக்க, வெட்டுனத அடுப்புல கொளுத்தாத, பொகையும் கெடுதல்

சனி

வீட்டுக்காரர்: (போட்டோ) கேட் கம்பி நடுவுல குட்டி பூந்து போற அளவுக்கு சந்து இருக்கு, கீழ ரெண்டு அடிக்கு வலை கட்டிட்டன். தண்ணித்தொட்டி மூடி ஒடஞ்சு கெடந்தத மாத்தியாச்சு. மாடிப்படிக்கு ஒரு சின்ன கதவு வைக்கறன்னு ஆசாரி அளவு எடுத்துட்டு போயிருக்காரு

அண்ணன் நெய்வேலி: மாப்ள தொட்டி மூடிய மாத்துனதுதான் பெரிய வேல. எங்க குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டு குட்டி தொட்டிலதான் விழுந்துச்சு

நான்: நான் இன்னைக்கு ஹால் தரைல படுத்து பாத்தன், குட்டி கண்ணுக்கு எதெல்லாம் தெரியும்னு. டிவிக்கு பின்னாடி அவ்ளோ ஒயரு, கட்டிலுக்கு அடியில பாப்பாவோட அழிரப்பர், ஹேர்பின்னு, பழைய பேட்டரி, பீரோ கீழ எப்பவோ போட்ட அந்துருண்ட ரெண்டு, சமையக்கட்டு மூலைல எலி மருந்து கேக்கு. எல்லாத்தையும் எடுத்தாச்சு. செருப்பு ஸ்டாண்ட வெளில மாத்திட்டன். கொசுவத்திய இனிமே அலமாரி மேலதான் வைக்கணும்

சித்தி தேவனாம்பட்டினம்: வாங்க வேண்டியதெல்லாம் வாங்கிட்டியாம்மா

நான்: நாளைக்கு காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கு போறோம் சித்தி. அடிப்பக்கம் அகலமா இருக்கிற கிண்ணம் ஒன்னு தண்ணிக்கு, கடிக்கறதுக்கு கயிறு பொம்மை, ரெண்டு ரப்பர் மேட்டு. கழுத்து பட்டை மெல்லிசா துணில, சங்கிலி வாணாம்னு இவரும் சொல்லிட்டாரு. படுக்கைக்கு கோணிய மடிச்சி மேல என் பழைய காட்டன் பொடவ. பேப்பர்காரர்கிட்ட பழைய பேப்பர் ஒரு கட்டு வாங்கியாச்சு

அண்ணி நெய்வேலி: சாப்பாட்டுக்கு பால் சோறுதானே, செரலாக்கும் குடுப்பாங்கல்ல

தங்கச்சி குரும்பாபேட்: பசும்பால் வாணாம் அண்ணி, அதுல இருக்கிற சர்க்கரை நெறைய குட்டிக்கு செரிக்காது, பேதி புடிச்சுக்கும். எங்கம்மா இப்ப என்ன குடுக்கறாங்களோ அதையே மொத ஒரு வாரம் குடுக்கணும், புது சாப்பாட்ட கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு வாரத்துல மாத்தணும். அம்மா என்னம்மா குடுக்கற

சித்தி தேவனாம்பட்டினம்: கோழிய உப்பு இல்லாம வேவ வச்சி எலும்பு எடுத்துட்டு சோத்தோட கொழைய பெசஞ்சு வைக்கறன். சங்கரா மீன் வாங்குனா முள்ளு ஒன்னு விடாம பாத்துட்டு கொஞ்சம். உங்கப்பா பப்பி ஃபுட் வாங்கி வந்தத சுடுதண்ணில ஊற வச்சி காலைல ஒரு வேள. ஒரு நாளைக்கு நாலு தடவ

தங்கச்சி குரும்பாபேட்: அதேதான் அக்கா. நாலு வேள, அப்புறம் மூணு வேளையா கொறைச்சுக்க. ஊற வச்ச பப்பி ஃபுட்டதான் மெயினா ஏத்திகிட்டே போ, சோறும் கோழியும் மட்டும்னா வளர்ற எலும்புக்கு கால்சியம் பத்தாது. வெங்காயம், பூண்டு போட்ட கொழம்ப ஊத்தாத. பாயசத்துல கெடக்கிற காஞ்ச திராட்சைகூட கிட்னிய பாதிக்கும், சாக்லேட்டும் ஆவாது. வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி ஒடையும், அதையும் போடாதீங்க

அம்மா: நான்தான் எலும்பு போடுவன். இனிமே போட மாட்டன்

ஞாயிறு

நான்: சந்தைக்கு போயிட்டு வந்தாச்சு. பாப்பா அவ உண்டியல்ல இருந்து ஒரு பந்து வாங்கியிருக்கா, வாய்க்குள்ள போற சைஸ்ல இருந்துச்சு, தொண்டைல மாட்டிக்கும்னு சொன்னதும் அவளே திருப்பி குடுத்துட்டு பெருசு எடுத்தா

சித்தப்பா: குட்டிய எப்படி கூட்டிட்டு போகப் போறீங்க, பஸ்ல வாணாம்

வீட்டுக்காரர்: கார்தான் மாமா. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் கூடைய சுத்தி ஓட்ட போட்டு வச்சிருக்கன், உள்ள பேப்பர். தவளக்குப்பம் அரியாங்குப்பம் எங்கயும் நிறுத்த மாட்டன், டீக்கடை ஓரத்துல எறக்க வேண்டிய வேலையே இல்ல

சித்தப்பா: அப்ப சரி. கெளம்பறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட நிறுத்திடறோம், வண்டில வாந்தி எடுக்காது

அண்ணி நெய்வேலி: ராத்திரி அழுதா என்ன பண்ணுவீங்க, பக்கத்து வீட்ல ஒன்னும் சொல்ல மாட்டாங்களா

நான்: ரெண்டு பக்கமும் போய் இன்னைக்கே சொல்லிட்டன் அண்ணி, ஒரு வாரம் பத்து நாள் பொறுத்துக்கோங்கன்னு. வலப்பக்கத்து பாட்டி எம்மா கொழந்த அழுதா சொல்லிட்டா அழுவுதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. படுக்கைய நம்ம கட்டில் பக்கத்துலயே போட்டு கைய தொங்கவிட்டுட்டு படுத்துக்கப் போறன். லட்டுவ மொத நாளே ஹால்ல தனியா விட்டோம். ராத்திரி பூரா கத்திகிட்டு இருந்துச்சு, பழகட்டும்னு நான்தான் கதவ சாத்துனன். அது இப்பவும் காதுல கேக்குது

தங்கச்சி குரும்பாபேட்: அக்கா அழாத. பார்வோவ நீ கொண்டு வரல. கட்டில் பக்கத்துல போடறதுதான் நல்லது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் உடனே மாடிக்கு தூக்கிட்டு போ, ராத்திரி நடுவுல ஒரு தடவ அலாரம் வச்சி எழுந்துக்க. உள்ள போயிடுச்சுன்னா அடிக்காத, மூஞ்ச அதுல வச்சி தேய்க்காத, பயந்துகிட்டு மறைவா போய் போகும், அவ்ளோதான். அப்புறம் தெருவுல எறக்க கூடாதுன்னு வீட்டுக்குள்ளயே பூட்டியும் வைக்காத, தெனம் கைல தூக்கிகிட்டு வாசல்ல நில்லு, பஸ் ஹாரன், மிக்சி சத்தம், குடை புடிச்ச ஆளு எல்லாம் இந்த வயசுலயே பாத்தாதான் பயம் போகும். தீபாவளியும் வருது

தங்கச்சி குரும்பாபேட்: ஆங் இன்னொன்னு. ஒரு பழைய துண்டு எங்கம்மாகிட்ட குடுத்து வை. கருப்பி படுக்கிற எடத்துல ரெண்டு வாரம் கெடக்கட்டும், குட்டியோட கூடைல போட்டு கொண்டு வந்தா தாய் வாசனை இருக்கும்

சித்தி தேவனாம்பட்டினம்: அவ எதுக்கு அங்கேர்ந்து குடுக்கணும், என்கிட்டயே துண்டு இருக்கு

அம்மா: துண்ட சுடுதண்ணில டெட்டால் போட்டு அலசிட்டு கூடைல போடுங்க. தாய் நாய் படுத்தது, உண்ணி கிண்ணி இருக்கும்

சித்தி தேவனாம்பட்டினம்: கருப்பிக்கு போன வாரந்தான் உண்ணி மருந்து போட்டாரு அக்கா. தெனமும் நான் பாக்கறன், ஒன்னுகூட இல்ல. அலசிட்டா வாசனை போயிடும்ல

அம்மா: ஓ. அதுக்கா

சித்தி தேவனாம்பட்டினம்: (போட்டோ) போட்டாச்சு. போட்ட ஒடனே கருப்பி மோந்து பாத்துட்டு ரெண்டு சுத்து சுத்தி அதுமேலயே படுத்துகிச்சு. செவல குட்டி அவ வயித்துல மூஞ்ச வச்சிகிட்டு தூங்குது

அம்மா: கொண்டு வந்தப்புறமும் அத யாரும் தொவைக்காதீங்க