விழுமியங்களை எழுதிப் பார்த்தால் ஒதுக்கப்படும் வலி குறையுமா?

மழைத்துளி:
புதிய பிரிவுக்கு மாற்றலாகி மூன்று மாதங்கள் ஆகின்றன. மதியம் ஒரு மணியானதும் பக்கத்து இருக்கைக்காரர்கள் மூவரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள், "வர்றீங்களா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாற்பது வயதில் இதற்குக் கண் கலங்குவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் பெரிதாக மதிக்கும் ஒன்றைப் பற்றிப் பதினைந்து நிமிடம் எழுதுமாறு ஆலோசகர் ஒருவர் சொன்னார். அவர்கள் கூப்பிடாததற்கும் நான் எழுதுவதற்கும் என்ன தொடர்பு? இது வெறும் மனத்தேற்றல்தானே?

ஏட்டுச்சுவடி:
வெட்கப்பட ஒன்றுமில்லை. உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் வடிவமைத்த கணினிப் பந்து விளையாட்டில், மற்ற இருவரும் தமக்குள் மட்டுமே பந்தை எறிந்துகொள்ளத் தொடங்கியதும் ஆட வந்தவர்கள் மனம் நொந்தார்கள். எதிரில் ஆடுவது கணினிதான் என்று முன்னரே தெரிந்தவர்களுக்கும் வலித்தது.

ஓரிடத்தில் அடிபட்ட மனம் அந்த இடத்திலேயே அதை ஈடுகட்ட வேண்டியதில்லை, தன் மதிப்பு வேறு எதில் வேரூன்றியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தாலே நிமிர்ந்துவிடும் என்பது 1988இல் உளவியலாளர் கிளாட் ஸ்டீல் முன்வைத்த கருத்து. ஆகவே "நான் சிறந்தவள்" என்று எழுதாதீர்கள். அதுதான் பாவனை.

கரையோரம்:
உளவியலாளர் டானு ஸ்டின்சனும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குப் பொருந்தலாம். பிறர் தம்மை ஏற்கமாட்டார்கள் என்று அஞ்சுபவர்கள் தாமே முகம் இறுகி ஒதுங்கி நிற்க, அதைக் கண்டவர்களும் விலகிவிடுகிறார்கள். விழுமியங்களைப் பற்றி ஒருமுறை எழுதியவர்களிடம் அந்த அச்சம் தணிந்ததும், பழகும் விதம் இளகியதும் இரண்டு மாதம் வரை நீடித்தன. எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்கும் வித்தையன்று; பள்ளிகளில் நடந்த இத்தகைய பயிற்சிகளுள் சில நல்ல பலன் தந்தன, சிலவற்றில் பலன் மிகச் சொற்பம்.

நிழல்மரம்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. சாதியோ மதமோ பார்த்து ஒதுக்குகிறார்களென்றால் அது எழுதித் தீர்க்கும் சங்கதியன்று, புகார் கொடுக்க வேண்டியது.

மழைத்துளி:
அப்படி எதுவும் தெரியவில்லை, ஐயா. ஆனால் கரையோரம் சொன்னது சுருக்கென்று தைத்தது. அவர்கள் எழும் நேரத்தில் கைபேசியைப் பார்ப்பதுபோல் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன். நேற்று இரவு, கண் மங்கிய பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஞாயிறுதோறும் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதைப் பற்றி எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கம் ஓடியது. இன்று ஒரு மணிக்குக் கைபேசியை இழுப்பறையில் வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் ஒருவர் சிரித்தார்.