கிராமத்தில் உடல்நல ஆய்வு: "முன்னாடி எழுதிட்டுப் போனதெல்லாம் எங்க?" என்று கேட்கிறார்கள்

தேன்மொழி:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு. ஒரு தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்துக்கு, மூச்சுத்திணறல், தோல் அரிப்பு பற்றி வீடு வீடாகக் கேட்க 42 கேள்விகளோடு போனேன். மூன்றாவது வீட்டில் கையில் மாவோடு வாசலுக்கு வந்த ஒரு அம்மா, "உனக்கு முன்னாடி நாலு பேர் வந்து எழுதிட்டுப் போனாங்க கண்ணு, அதெல்லாம் எங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தலைப்பில் 'மக்கள் பங்கேற்பு ஆய்வு' என்று போட்டிருக்கிறேன், ஆனால் கேள்வி அத்தனையும் நானும் வழிகாட்டியும் துறையில் உட்கார்ந்து எழுதியவை. எங்கிருந்து தொடங்குவது?

கடலூர்வாசி:
எங்கள் ஊர்க் கதையிலிருந்து தொடங்குங்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்களில் ஈச்சங்காடு, குடிகாடு மக்கள் எத்தனையோ வருடம் நாற்றம் நாற்றம் என்று புகார் சொல்லியும், அதிகாரி வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறிவிடும், வந்தவர் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போவார். 2004இல் ஊர்க்காரர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்து, எந்த நேரம், எந்த இடம், காற்று எந்தப் பக்கம், என்ன வாடை, கண் எரிந்ததா தலை வலித்ததா என்று குறித்து வைக்க ஆரம்பித்தார்கள். அழுகிய முட்டை வாடையா, நெயில் பாலிஷ் வாடையா என்று பிரித்துச் சொல்வதே ஒரு தகவல்தான். முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவைச் சந்தேகிக்கலாம். அப்புறம் பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாளி முறை 90களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தது. அங்கேயே லூசியானா மாநிலத்தின் நார்கோ ஊரில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆலையை ஒட்டி நாலே தெருவில் வாழ்ந்த கறுப்பின மக்களும், மார்கி ரிச்சர்ட் என்ற ஆசிரியையின் முன்னெடுப்பில், அதே வாளியோடுதான் போராடினார்கள். 2002இல் நாலு தெருவுக்கும் இடமாற்றம் வாங்கினார்கள்.

இன்னொன்று. கடலூரில் வாளி பிடித்தபோது நம் நாட்டுக் காற்றுத் தர அளவுகோலில் பென்சீனே கிடையாது, 2009இல்தான் சேர்த்தார்கள். புற்றுநோய் தரும் வேதிப்பொருள், அதற்கு ஒரு வரம்பே இல்லை, அப்புறம் எந்த அதிகாரி எதை அளப்பார்? அளக்க வேண்டியது எது என்பதை அங்கே மூச்சு விடுகிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

செவிலியர் அக்கா (ஓய்வு):
தேனு, முப்பது வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக நடந்தவள் சொல்கிறேன். பத்து மணிக்குப் போகாதே, நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். மழைக் காலம் என்றால் நடவு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதுவும் ஊர்த்தெருவில் கூட்டம் போட்டால் காலனி ஆட்கள் வரமாட்டார்கள், இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போய் உட்கார வேண்டும். உன்னோடு சேர்ந்து கணக்கெடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலியாவது கொடு. உனக்குப் பட்டம் கிடைக்கிறது, அவளுக்கு என்ன கிடைக்கிறது?

குமரன்_புள்ளியியல்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஒரு எச்சரிக்கை மட்டும்: நோய் இருக்கிற வீடுகளாகப் பார்த்துக் கணக்கெடுத்தால் ஆலைத் தரப்பு ஒரே நிமிடத்தில் தள்ளிவிடும். ஆலைக்குத் தொலைவில், அதே மாதிரி வேலையும் வருமானமும் உள்ள இன்னொரு ஊரையும் எடுங்கள், அங்கே நோய் எவ்வளவு என்று ஒப்பிட்டால்தான் காரணம் ஆலையா என்று பேச முடியும். அது ஏன் தேவை என்று ஊர்க்காரர்களிடம் விளக்குங்கள், நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

தேன்மொழி:
நேற்று இரவு கேள்வித்தாள் இல்லாமல் போனேன். அதே அம்மா வீட்டுத் திண்ணையில் ஏழு பேர். விடியற்காலை இரண்டு மணிக்கு வரும் வாடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், குழந்தைகள் அப்போதுதான் இருமி எழுகிறார்களாம். என் 42 கேள்வியில் இரவு என்ற சொல்லே இல்லை. கட்டம் பெரிதாக உள்ள மாதக் காலண்டர் ஏழு வாங்கி வரச் சொன்னார்கள், நேரமும் வாடையும் இருமலும் அதிலேயே எழுதுவார்களாம். காலண்டர் அவர்கள் சுவரிலேயே இருக்கும், நான் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டியிடம் இதை நாளை சொல்லப் போகிறேன். குமரன் அண்ணா, ஒப்பிடும் ஊர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்?