கப்பலிலேயே பிறந்தவளுக்குக் கரை எதற்கு?

பாம்பன் வாசகன்:
போன வாரம் என் இளையோர் நாவலின் சுருக்கத்தை இங்கே போட்டிருந்தேன். பூமியிலிருந்து கிளம்பி 250 ஆண்டுகள் பயணம் போகும் கப்பல். கதை நடப்பது 110ஆம் ஆண்டில். நாயகிக்கு 16 வயது. அவளுடைய பாட்டியே கப்பலில் பிறந்தவர். அவள் பூமியைப் பார்த்ததில்லை, போய்ச் சேரும் கிரகத்தையும் பார்க்கப் போவதில்லை. கடைசிப் பக்கத்திலும் கப்பல் போய்க்கொண்டேதான் இருக்கும். இது பிள்ளைகளை ஏமாற்றும் முடிவு என்று மண்டபம் டீச்சர் சொல்லியிருந்தார். ஏன் அக்கா?

மண்டபம் டீச்சர்:
தம்பி, நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். என் பிள்ளைகளில் பலர், அப்பாவோடு கடலுக்குப் போவதா, மேலே படிப்பதா என்று வீட்டில் தினமும் மல்லுக்கு நிற்பவர்கள். 'உன் வாழ்க்கையைப் பெரியவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், நீ ஒன்றும் செய்ய முடியாது' என்று ஒரு நாவலும் அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? அவள் கப்பலைத் திருப்பட்டும்.

கீழக்கரை மோட்டார்மேன்:
திருப்ப முடியாது டீச்சர். சரக்குக் கப்பல் இன்ஜின் ரூமில் பல வருடம் இருந்தவன் சொல்கிறேன். சூரியனை விட்டால் மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரம். 250 ஆண்டில் அங்கே போக, நொடிக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலமே நொடிக்கு 17 கிலோமீட்டர்தான் போகிறது. அவ்வளவு வேகத்தில் போகிற கப்பல் போய்ச் சேரும்போது நிற்கத்தான் எரிபொருள் வைத்திருக்கும். திரும்ப வேண்டுமானால் நடுவழியில் நின்று, மறுபடி வேகமெடுத்து, பூமிக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை நிற்க வேண்டும்.

தம்பி, உங்கள் கதையில் ஆக்சிஜனைத் திருடும் வில்லன் எதற்கு? மண்ணே போதும். 1991இல் அமெரிக்காவின் அரிசோனாவில் 8 பேர் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் இரண்டு வருடம் வாழப் போனார்கள். உள்ளே 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் 14 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விட்டன. செடிகளுக்குப் போக வேண்டிய அந்த வாயுவில் பெரும்பகுதியைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். உங்கள் கப்பலுக்கு வெளியே என்ன இருக்கிறது?

பாம்பன் வாசகன்:
அண்ணன், அருமை. அவளை மண் தளத்தில் வேலைக்குப் போடுகிறேன். அக்கா, இப்போது அவள் செய்வதற்கு ஒன்று இருக்கிறதே? அவள் கவனிக்காவிட்டால் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிடும்.

மண்டபம் டீச்சர்:
வேலை இருப்பது வேறு, விருப்பம் இருப்பது வேறு தம்பி.

தனுஷ்கோடிப் பேத்தி:
நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது. தாத்தாவும் பாட்டியும் அங்கேயே திரும்பப் போய்க் குடிசை போட்டார்கள். அம்மா அங்கேதான் பிறந்தார். கரண்ட் கிடையாது. குடிக்க மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். மேலே நல்ல தண்ணீர் நிற்கும், ஆழமாகப் போனால் உப்பாகிவிடும். எங்கே தோண்டுவது, எங்கே நிறுத்துவது என்று பாட்டி அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆனால் "உன்னைக் கேட்காமல் இங்கே வந்துவிட்டோம்" என்று மட்டும் சாகும்வரை சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்னும் அந்த ஆற்றாமை உண்டு. உங்கள் சுருக்கத்தில் நாயகி அழுகிறாள், ஆனால் பெரியவர்கள் மேல் கோபப்படவே இல்லை. அவள் கோபப்படட்டும். அந்தப் பாட்டியாவது வாய் திறந்து சொல்லட்டும்.

மண்டபம் டீச்சர்:
இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை, தங்கச்சி. சரி, கப்பல் திரும்ப வேண்டாம். ஆனால் தம்பி, இன்னும் 140 ஆண்டு பாக்கி. அந்தப் பெண்ணும் பிள்ளை பெற வேண்டும் என்று கப்பல் எதிர்பார்க்கும். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டா?

பாம்பன் வாசகன்:
அதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. எட்டாம் அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுதுகிறேன்.