தாடை மூட்டா, கொடிறா, கீலா? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

செம்பூர், திங்கள் காலை

அன்புள்ள மும்பைத் தமிழ்ச் சொல்லாக்கக் குழுவினருக்கு,

தாராவியில் ஒரு பல் மருத்துவமனைக்கு நோயாளிகளுக்கான துண்டறிக்கை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மராத்தியும் இந்தியும் அச்சுக்குப் போய்விட்டன, தமிழ்தான் பாக்கி. வியாழன் மாலை கெடு. நான் இன்னும் தலைப்பைத் தாண்டவில்லை: டெம்பொரோமாண்டிபுலர் ஜாயின்ட் டிஸார்டர். காதுக்கு முன்னால், கீழ்த்தாடையின் குமிழ் மண்டையோட்டோடு பொருந்தும் இடத்தில் வரும் தொல்லை. மென்றால் வலி, திறந்தால் சத்தம், சிலருக்கு வாய் பாதியில் மாட்டிக்கொள்ளும். பழைய கோப்பு ஒன்றில் ‘பொட்டெலும்புக் கீழ்த்தாடையெலும்பு மூட்டுச் சீர்கேடு’ என்று கிடக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நல்ல தாடையும் வலிக்கும்.

மாட்டுங்கா, திங்கள் இரவு

அம்மா, ‘தாடை’ நம்முடையதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். மராத்திக்காரர் கடைவாய்ப் பல்லை ‘தாட்’ என்கிறார். தாடியும் அந்த வீட்டுப் பிள்ளைதான். தாடைக்கு நம்மிடம் கொடிறு என்ற சொல் இருக்கிறது. குறள் 1077:

ஈர்ங்கை விதிரார் கயவர் கொடிறுடைக்கும்
கூன்கையர் அல்லா தவர்க்கு

கையை மடக்கித் தாடையைப் பெயர்க்கிறவனுக்குத்தான் கயவன் எச்சில் கையை உதறுவான். கொடிறு என்றால் பற்றுக்குறடும்கூட. ‘கொடிறும் பேதையும் கொண்டது விடாது’ என்பது திருவாசகம். இரவெல்லாம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உறங்குகிறவருக்கு இதைவிடப் பொருந்தும் சொல் உண்டா? கொடு என்றால் வளைவு: கொடுக்கு, கொடுவாள், கொடிறு. வயிறு வயிற்றுவலி ஆவது போல, ‘கொடிற்றுமூட்டு நோய்’. இலக்கணமும் இடிக்கவில்லை.

தாராவி, செவ்வாய் மதியம்

ஐயா, இலக்கணம் இடிக்கவில்லை, நோயாளிதான் இடிக்கிறார். என்னிடம் வருகிறவர்களில் பலர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். அவர்கள் வாயில் இருப்பது ‘தவடை’, அல்லது ‘தாவாக்கட்டை’. போன வாரம் ஓர் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். இரண்டு முறை காதுக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்று, வலி போகவில்லை. காதுக்கு முன்னால் இரு பக்கமும் என் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடச் சொன்னேன். வலப்பக்கம் விரலுக்கடியில் ‘டக்’கென்று ஏதோ துள்ளியது. அவருடைய மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க வேண்டிய வாயில் இரண்டுதான் நுழைந்தன. “தவடை சுளுக்கிக்கொண்டதா?” என்று கேட்டார். கொடிறு என்று சொல்லியிருந்தால், தான் குறட்டை விடுவதை யார் சொன்னது என்று மருமகளைப் பார்த்திருப்பார்.

இந்த அறிக்கை நோயாளியின் பயத்தைத் தெளிவிப்பதற்கு. பெரும்பாலோருக்குக் கத்தி வேண்டாம். சில நாள் மெத்தென்ற உணவு, வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி வரும்போது மோவாயைக் கையால் தாங்குவது, தேவையானால் வலிமாத்திரை, தாடைப் பயிற்சி, பல் கடிப்பவருக்கு இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. அந்தச் சத்தத்துக்குச் ‘சொடக்கு’ போதும், விரலில் எல்லோரும் எடுப்பதுதானே. ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: வாய் மாட்டிக்கொள்வதைப் ‘பூட்டு’ என்று எழுதாதீர்கள். வாயை இறுக்கிவிடும் ரண ஜன்னி (டெட்டனஸ்) என்று பதறிவிடுவார்கள்.

டோம்பிவிலி, செவ்வாய் நள்ளிரவு

ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மூட்டு என்றால் மக்கள் முழங்காலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கீல்வாதம் என்று ஊரே சொல்கிறதே, ‘தாடைக்கீல்’ என்றால் என்ன?

தாராவி, புதன் காலை

கதவுக் கீல் நின்ற இடத்திலேயே சுழலும். இது முதலில் சுழல்கிறது, பிறகு குமிழ் நடுவில் உள்ள சில்லோடு சேர்ந்து முன்னால் சறுக்குகிறது. சறுக்காவிட்டால் வாய் முழுதாகத் திறக்காது. அந்தச் சில்லு இடம் நழுவித் திரும்பும்போதுதான் சொடக்கு.

டோம்பிவிலி, புதன் காலை

அப்படியானால் கதவும் இழுப்பறையும் சேர்ந்த பண்டம். ‘சறுக்குக்கீல்’!

செம்பூர், புதன் மாலை

நண்பர்களே, ‘கோளாறு’ கோள்களிலிருந்து வந்ததா, கோளறு பதிகத்துக்கும் அதற்கும் உறவுண்டா என்று நடுவில் வந்த ஒன்பது மடல்களையும் படித்தேன். ஒன்பதிலும் தாடை இல்லை. சறுக்குக்கீலைக் கேட்டால் தச்சர் மகிழ்வார். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து எண்ணினால் ‘தாடை மூட்டுக் கோளாறு’ பக்கம்தான் ஆள் அதிகம். பாதிப்பேர் ‘எதையாவது போடுங்கள் அம்மா’ என்று எழுதியவர்கள். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் தவடை. இரவில் மாட்டுவது ‘பல்லுறை’. இரவுக்காப்பு என்றால் நகைக்கடை விளம்பரம் போல இருக்கிறது.

மாட்டுங்கா, புதன் இரவு

எண்ணிக்கைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. புழங்கினால்தான் சொல் புரியும். புரிந்த பிறகு புழங்கலாம் என்று காத்திருந்தால் ஒரு சொல்லும் பிறக்காது. பேருந்து என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

தாராவி, வியாழன் காலை

இருக்கிறது ஐயா. நான் பஸ்ஸில்தான் வந்தேன்.

செம்பூர், வியாழன் மாலை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

டோம்பிவிலி, வியாழன் இரவு

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஒரு சிறு ஐயம். ‘தாடைமூட்டு’ சேர்த்தா, இடம் விட்டா? தாடையினது மூட்டு என்றால் ஆறாம் வேற்றுமைத் தொகை, பிரிக்கக் கூடாது. தாடையில் உள்ள மூட்டு என்று கொண்டால்…